மேய்ச்சல் போன ஊரில் கடற்பாசி

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு அம்மா இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறார். மகனும் மருமகளும் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். மாடுகள் அவர் பொறுப்பு. முன்பு ஏரி உள்வாயிலும் அறுவடை முடிந்த கழனியிலும் மேய்ந்த மாடுகள், இப்போது நாள் முழுக்கக் கொட்டகையிலேயே நிற்கின்றன. கழனி இருந்த இடத்தில் தொழிற்சாலை மதில் சுவர். வைக்கோலையும் விலைக்குத்தான் வாங்குகிறார்.

அவற்றில் ஒரு கலப்பினப் பசு, மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பாலும் குறைந்துகொண்டே வந்தது. அந்த நேரத்தில்தான் ஊருக்குள் ஒருவர் பழுப்பு நிறப் பொடியைக் கொண்டுவந்தார். "கடற்பாசிம்மா. பால் ஏறும், சினை நிக்கும்" என்றார். புண்ணாக்குக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பாக்கெட் வாங்கிய அம்மா, மறுநாள் அதைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போனார்.

"டாக்டர் சார், இதைப் போட்டா சினை நிக்குமா?"

டாக்டர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். எந்தப் பாசி என்றும் இல்லை, அயோடின் அளவும் இல்லை. "ஏம்மா, மாடு பச்சைத் தீவனம் தின்னு எத்தனை நாளாச்சு?"

அம்மா யோசித்தார். "கோடைக்கு முன்னாடி தின்னது சார்."

கடற்பாசித் தீவனம் புதிதல்ல. நார்வே, ஐஸ்லாந்து கரையோரங்களில் ஆடு மாடுகள் வெகுகாலமாகப் பாசி தின்றிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் நார்த் ரொனால்ட்சே தீவில் 1832-ல் சுவர் எழுப்பி ஆடுகளைக் கடற்கரைப் பக்கமே நிறுத்தினார்கள். அந்த ஆடுகள் பாசி தின்றே வாழப் பழகியவை. வைக்கோல் தின்று வளர்ந்த நம் மாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நம் மன்னார் வளைகுடாவிலும் பழுப்புப் பாசி உண்டு. இராமநாதபுரம் கரையில் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்பார்கள். காய்ந்த பழுப்புப் பாசியில் உப்பும் தாதுக்களும் அதிகம். அயோடின் மிக அதிகம். அயோடின் குறைந்தால் கன்றுக்குக் கழுத்து வீங்கும், சினையும் பாதிக்கும். அதனால் குறை உள்ள மாட்டுக்கு அளவோடு கொடுத்தால் உதவும். அளவு மீறினால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், இருமும். மிஞ்சிய அயோடின் பாலிலும் இறங்கும். சில பழுப்புப் பாசிகளில் ஆர்சனிக் நஞ்சும் உண்டு. பெயரும் பகுப்பாய்வு அளவும் இல்லாத பொடியை வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

புரதக் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 50 கிராம் பாசிப் பொடியில் கிடைப்பது சுமார் 5 கிராம் புரதம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 400 கிராம் வரை கிடைக்கும். பாசியைத் தாது உப்பைப் போலத்தான் பார்க்க வேண்டும். அது தீவனம் ஆகாது.

டாக்டர் மாட்டின் கருப்பையைப் பரிசோதித்தார். குடற்புழு மருந்து கொடுத்தார். தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை போதும் என்றார். "ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க. அயோடின் ரெட்டிப்பாயிடும். பயிருக்குத் தெளிக்கிற பாசிச் சாறையும் மாட்டுக்கு ஊத்திடாதீங்க. கோவளம் பக்கம் கரையில ஒதுங்குற பாசியை அள்ளிட்டு வந்து போடுறதும் வேணாம். உப்பும் மணலும்தான் வயித்துல சேரும்."

வைக்கோலில் இல்லாதது புரதமும், பாஸ்பரசும், வைட்டமின் ஏ-வுக்கான கரோட்டினும். சினைக்கு இவை வேண்டும். புரதமும் கரோட்டினும் பசுந்தீவனத்தில் கிடைக்கும். தாது உப்புக் குறையைக் கலவை ஈடுகட்டும்.

வீட்டுக்குப் பின்னால் விற்காமல் விட்ட 10 சென்ட் இருந்தது. அதில் கோ-5 கம்பு நேப்பியர் கரணைகளை ஊன்றினார் அம்மா. வரப்பு ஓரத்தில் வேலிமசால் விதைத்தார். கொட்டகை கழுவும் தண்ணீரை அங்கே திருப்பிவிட்டார். எழுபத்தைந்தாம் நாள் முதல் அறுப்பு. அதன் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை.

நான்காம் மாதம் பசு பருவத்துக்கு வந்து கத்தியது. உடனே ஊசி போடப்பட்டது. சினை நின்றதா என்பது மூன்று மாதம் கழித்துப் பரிசோதிக்கும்போது தெரியும். அந்தப் பாக்கெட் பிரிக்காமல் பரண் மேல் கிடக்கிறது. அம்மா தினமும் காலையில் அரிவாளோடு புல் அறுக்கப் போய்விடுகிறார்.