அம்மாச்சி வாசிக்கும் புத்தகம்

மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

 

அம்மாவுக்கு ஜெர்மனி விசா வந்துவிட்டது. கருப்பட்டி, சுக்கு, பருப்புப்பொடி, பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை என்று பெட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “அந்தப் புள்ள வாயத் தொறந்தா செர்மன்ல பேசுது. நான் என்னத்தப் பேசி அதப் பக்கத்துல உக்கார வைக்கப் போறேன்?” பேத்தியைப் போன் திரையிலேயே பார்த்துப் பழகியவளுக்கு இந்தப் பயம் வராமல் இருக்குமா? அதைப் பற்றி யோசித்ததில் தோன்றியதை எழுதுகிறேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது.

நீ அனுப்பிய படத்தில் பாப்பாவின் புத்தக அலமாரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்தட்டெல்லாம் ஜெர்மன். கீழ்த்தட்டில் நான் கொடுத்தனுப்பிய தமிழ்ப் புத்தகங்கள். அவற்றை அம்மா வாசித்துவிடுவாள். ஐந்தாவது வரை படித்தவள். ஆனால் அச்சடித்த வரியில் கண்ணை வைத்ததும் அவள் குரல் மாறிவிடும், உனக்கே தெரியும். தப்பு வந்துவிடுமோ என்று பயந்து பயந்து எழுத்துக்கூட்டுவாள். கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் நம்மைப் படுக்கவைத்துக் கதை சொன்னாளே, அந்த அம்மா எங்கோ போய்விடுவாள். பாப்பாவுக்கு வேண்டியது அந்த அம்மாதான். அதனால்தான் சொல்கிறேன், எழுத்தே இல்லாத படப் புத்தகங்களாகப் பார்த்து எடுத்து வை.

“எழுத்து இல்லாட்டி அதுல வாசிக்க என்ன இருக்கு?” என்று முன்பு ஒருமுறை கேட்டாய். நீ இருக்கும் நாடே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. அங்கே ‘விம்மெல்பூஹ்’ என்றால் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெரிய பெரிய கெட்டி அட்டைப் பக்கங்கள், பக்கம் முழுக்க ஜனக்கூட்டம், ஆளுக்கொரு வேலை. 1968-ல் மியூனிக்காரரான அலி மிட்குட்ச் தன் நகரத்தை இப்படி வரைந்து ஒரு புத்தகம் போட்டார். அதிலிருந்துதான் இந்த வகை அங்கே வீட்டுக்கு வீடு பரவியது. மிட்குட்ச் எனக்கும் பிடிக்கும். ஆனால் பாப்பாவுக்கு நான் முதலில் சொல்வது ரோட்ராவுட் சூசன்ன பெர்னரின் புத்தகங்களை. 2003-ல் குளிர்காலப் புத்தகம் வந்தது. பிறகு வசந்தம், கோடை, இலையுதிர் காலம், அப்புறம் இரவு. எல்லாம் ஒரே கற்பனை ஊரில் நடக்கிறது. வீடு, பண்ணை, ரயில் நிலையம், சந்தைத் திடல், பெரிய கடை, பூங்கா என்று விரித்தால் ஏழே காட்சிகள். ஒரு காட்சியில் நடந்து போகிற ஆளை அடுத்த காட்சியில் தேடினால் எங்காவது அகப்படுவான். இன்னொரு பருவத்துப் புத்தகத்தை எடுத்தால் அதே தெரு, அதே ஆட்கள், வேறு சட்டை. ஒன்றில் கட்டிக்கொண்டிருக்கும் கிண்டர்கார்டன் இன்னொன்றில் எழும்பி நிற்கிறது. ஒரு வருஷத்துக் கதையைக் கடைப் பலகை எழுத்தைத் தவிர வேறு எழுத்தில்லாமல் சொல்லிவிடுகிறார். 2016-ல் அவருக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கொடுத்தார்கள்.

அந்தச் சந்தைப் பக்கத்தை அம்மாவிடம் விரித்துக் கொடுத்துவிட்டு நீ உன் வேலையைப் பார். புதன் சந்தையில் வளர்ந்தவள் அவள். யார் என்ன விற்கிறார்கள், யார் பேரம் பேசுகிறார்கள், யார் பிள்ளையைத் தவறவிட்டுத் தேடுகிறார்கள் என்று அவளே ஆரம்பித்துவிடுவாள்.

கதையாக ஓடும் புத்தகம் ஒன்றும் வேண்டும். மெர்சர் மேயர் 1969-ல் போட்ட தவளைப் புத்தகத்தைத் தேடிப் பார். ஒரு பையன், ஒரு நாய், கண்ணாடி ஜாடியில் ஒரு தவளை. இருவரும் தூங்கும்போது தவளை ஜாடியை விட்டுக் கிளம்பிவிடுகிறது. விடிந்ததும் தேடுகிறார்கள். நாய் ஜாடிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்கிறது, அப்படியே ஜன்னலிலிருந்து கீழே விழுகிறது, காட்டில் தேன்கூட்டைக் கலைத்துவிட்டுத் தலைதெறிக்க ஓடுகிறது. மொத்தம் 24 படம்.

பயிற்சி நிறுவன வேலையாக அங்கன்வாடிகளுக்குப் போகும்போது இந்தப் புத்தகத்தைப் பையில் வைத்திருப்பேன். ஒரு பக்கத்தில் பையன் பாறைமேல் ஏறி, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளைப் பிடித்தபடி தவளையைக் கூப்பிடுகிறான். புரட்டினால் அந்தக் ‘கிளை’ எழுந்து நிற்கிறது. பையன் ஒரு மானின் தலைமேல் கிடக்கிறான். ஓர் அங்கன்வாடியில் நாலு வயசுப் பையன் ஒருவன், “ஐயோ டீச்சர், மாடு!” என்று கத்தினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படத்தில் அது பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. விரலால் கொம்பைத் தடவிப் பார்த்தான். “மாட்டுக்கு இப்பிடிக் கெளகெளயா இருக்காது. இது மான்.” உடனே என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி முந்தின பக்கத்துக்குப் போய், பாறைக்குப் பின்னால் மான் ஒளிந்திருந்ததைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டினான். அவனைத் திருத்தியது படம். பார்த்தது, தப்பாக நினைத்தது, சாட்சி தேடித் திரும்பிப் போனது எல்லாமே வாசிப்புதான். எழுத்து கற்ற பெரியவர்களில் எத்தனை பேர் இப்படிச் சந்தேகப்பட்டு முந்தின பக்கத்துக்குப் போகிறார்கள்?

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவை. மூன்று வயசில் பாப்பா கதையாகச் சொல்லாது. ரூத் பெர்மன், டேன் ஸ்லோபின் என்ற மொழியியலாளர்கள் இதே தவளைப் புத்தகத்தை ஐந்து மொழிக் குழந்தைகளிடம் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். அதை 1994-ல் தடித்த நூலாகவே வெளியிட்டார்கள். ஜெர்மன் குழந்தைகளும் அதில் உண்டு. மூன்று வயசுக்காரர்கள் பெரும்பாலும் படத்துக்குப் படம் தனித்தனியாகத்தான் சொன்னார்கள். பையன் இருக்கான், நாய் விழுது, அவ்வளவுதான். தேடலை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே இழையாகப் பிடிப்பது பிறகு மெல்ல மெல்ல வருகிறது. இந்தப் பக்கத்துப் பையனும் போன பக்கத்துப் பையனும் ஒரே ஆள் என்பதே குழந்தை புரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம். அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷி வேண்டும். “அப்பறம் எங்க போனான்?”, “சட்டைய எப்பப் போட்டான்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஒருத்தி.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் புத்தகத்தை விரித்ததும் பரீட்சை வைத்துவிடுவோம். இது என்ன கலர், அது எத்தனை, இங்கிலீஷில் என்ன. மூன்றாவது கேள்வியில் குழந்தை மடியை விட்டு இறங்கிவிடும். அமெரிக்காவில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு வயசை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்குப் படப் புத்தகம் பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, 1988-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேட்பது, குழந்தை சொன்னதை எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் சொல்வது, குழந்தை பேசப் பேச நாம் கேட்பவராக மாறுவது. ஒரு மாதத்திலேயே அந்தப் பிள்ளைகள் பேச்சில் முந்தினார்கள். அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நிலாவைப் பார்த்து நீ ஏதோ உளறினாலும் “ஆமாடி, அப்பறம் நிலா என்ன பண்ணுச்சு?” என்று கேட்டவள்தானே!

பாப்பா “ஃப்ரோஷ்” என்று விரலை வைக்கும். அம்மா “ஆமாம்மா, தவளை! ஜாடிய விட்டுத் தாவிருச்சு பாரு” என்பாள். இரண்டு பேர் விரலும் ஒரே தவளைமேல் இருக்கும்போது நடுவில் துபாஷி எதற்கு? நீ தயவுசெய்து மொழிபெயர்க்க நுழையாதே. “தமிழ்ல சொல்லு, தமிழ்ல சொல்லு” என்று பாப்பாவை நெருக்கவும் வேண்டாம். கதையில் அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தால் அம்மாச்சியின் தமிழைக் குழந்தை தானாகத் துரத்திப் பிடிக்கும்.

நான் ஏதோ வீட்டுச் சமாளிப்புச் சொல்கிறேன் என்று நினைக்காதே. இத்தாலியின் லாம்பெடூசா தீவு சிசிலியைவிடத் துனீசியாவுக்குப் பக்கம். வட ஆப்பிரிக்காவிலிருந்து உயிரைப் பணயம் வைத்துப் படகேறி வருகிறவர்கள் ஐரோப்பாவில் முதலில் கரையேறும் இடங்களில் ஒன்று. 2012-ல் இளையோர் புத்தகங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐ.பி.பி.ஒய். அங்கே ஒரு சிறுவர் நூலகம் அமைக்க முன்வந்தது. தீவுப் பிள்ளைகளுக்கும் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாக என்ன புத்தகம் வைப்பது? பல நாடுகளிலிருந்து எழுத்தில்லாப் புத்தகங்களாகத் தேர்ந்தெடுத்து வரவழைத்தார்கள். அந்தப் பட்டியல் இன்றைக்கும் புதுப்பிக்கப்படுகிறது. எந்த மொழிக் குழந்தை கையில் எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. உன் வீட்டு சோபாவில் அம்மாவுக்கும் அந்த இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பனி பெய்கிற ஊரில் இருப்பதால் ரேமண்ட் பிரிக்ஸின் பனிமனிதனும் (1978) கண்ணில் படும். கலர் பென்சிலில் அவ்வளவு மென்மையாக வரைந்திருப்பார். கடைசியில் பனிமனிதன் உருகிப் போய்விடுவான். பாப்பா அழுதால் அழட்டும், அம்மா மடி இருக்கிறது. “நாளைக்கு வேற செய்யலாம்” என்று அவசரமாகச் சமாதானம் சொல்லாமல் இரு. டேவிட் வீஸ்னரின் பறக்கும் தவளைகள் பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும். ஆனால் அம்மா ரசிப்பாள். அல்லி இலைமேல் மிதந்து வீட்டுக்குள் வந்த தவளைகள் டிவி பார்க்கும். பாட்டி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு தவளை நாக்கை நீட்டி ரிமோட்டை அமுக்கும்.

எழுத்துப் புத்தகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அ, ஆவும் ஏ, பி, சியும் இதிலிருந்து வராது. ஜெர்மன் புத்தகங்களை நீங்கள் இருவரும் இப்போதுபோலவே வாசியுங்கள். அம்மாவின் நேரத்தை மட்டும் தனியாக விட்டுவிடுங்கள். அவள் நாய்க்கு மணி என்று பேர் வைப்பாள், காட்டை அழகர்மலை ஆக்குவாள், பனியில் நிற்கிறவர்களுக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள். “அம்மா, படத்துல அப்படி இல்லையே” என்று நீ வாய் திறக்கக் கூடாது. மறுநாள் அவள் நாயின் பேரை மாற்றிச் சொன்னால் பாப்பாவே சண்டைக்கு வரும். அது போதும்.

அம்மா வந்து இறங்குவதற்குள் உங்கள் ஸ்டுட்கார்ட் நூலகத்துக்குப் போய் நான்கைந்து எடுத்து வை. எது இருவருக்கும் ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு மாதம் பார். பிறகு அதைக் கடையில் இரண்டு பிரதியாக வாங்கு. ஒன்று பாப்பாவுக்கு, இன்னொன்றை அம்மா திரும்பும்போது அவள் பெட்டியில் வைத்து அனுப்பு. போனில் “சாப்பிட்டியா, தூங்குனியா” என்பதற்குமேல் பேச்சு ஓடாமல் இருவரும் முழிக்கிறார்களே, இனிமேல் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று ஒரே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசட்டும். விலையைப் பார்க்காதே, இரண்டாவது பிரதிக்கு நான் பணம் அனுப்புகிறேன்.

பாப்பாவுக்குப் பெரியம்மாவின் முத்தம்.

அன்புடன்,
அக்கா