புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

ஆரணியில் பட்டுத்தறிச் சத்தம் இன்னும் கேட்கிற ஒரு தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் போனால், ஒரு வீட்டுத் திண்ணையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு எதையோ தேய்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், ஒரு கிழிந்த வேட்டித் துண்டு, ஒரு பூதக்கண்ணாடி. கையில் இருப்பது நகையோ கடிகாரமோ இல்லை. ஷேவிங் செட்!

அதுவும் இன்று கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் சமாசாரம் இல்லை. இரண்டு பக்கமும் கூரான பிளேடைப் போட்டுத் திருகி மூடுகிற அந்தக் காலத்து சேஃப்டி ரேசர். அவரிடம் அப்படி நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். முப்பது வயது வரை தறியில் உட்கார்ந்தவர்தான். தெருவில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் "ரேசர் டாக்டர்". சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

ஆனால் இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிடும். அந்தக் கதைக்குப் போகும் முன் ரேசரின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்று ஒருவர். ஊர் ஊராகச் சுற்றிச் சரக்கு விற்றவர். தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் கத்திக்குப் பதிலாக, மழுங்கியதும் தூக்கிப் போடுகிற மெல்லிய தகடு ஒன்று இருந்தால் என்ன என்பது அவர் யோசனை. யோசனை சுலபம், செய்வது கஷ்டம். தாள் மாதிரி மெல்லிய எஃகுத் தகட்டை வளையாமல் கடினமாக்கிக் கூர் தீட்ட முடியாது என்று பலரும் கைவிரித்துவிட்டார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதைச் சாதித்துக் காட்டினார். 1903-ல் விற்பனை தொடங்கியது. முதல் வருடம் விற்றது எத்தனை தெரியுமா? 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே விற்பனை 90 ஆயிரம் ரேசரைத் தாண்டியது. 1904-ல் காப்புரிமையும் கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. போருக்குப் போனவர்கள் தாமே முகம் வழிக்கும் பழக்கத்தோடு வீடு திரும்பினார்கள்.

நம் ஊரில் நிலைமை வேறு. முகம் வழிப்பது தன் கையால் செய்கிற காரியமே இல்லை. சவரத் தொழிலாளி வீடு தேடி வருவார். செவ்வாய், வெள்ளி, அமாவாசை ஆகாது. கிராமங்களில் அறுவடைக் காலத்தில் களத்தில் நெல் அளப்பதுதான் அவருக்குக் கூலி. முகத்தைத் தொட்டு வேலை செய்தவரை வீட்டுக்குள் விடாத ஊர்களும் உண்டு. பிறகு அவர் கால் கழுவக்கூடத் தண்ணீர் தர மாட்டார்கள். இந்த ஏற்பாடு உடைந்ததற்குப் பல காரணங்கள் இருந்தாலும், கண்ணாடி முன்னால் நின்று பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொள்ள வைத்த இந்தச் சின்னப் பித்தளைக் கருவிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஆரணி "ரேசர் டாக்டரின்" அப்பா பட்டு நெசவாளி. 1970 வாக்கில் சேலை மூட்டையோடு சென்னைக்குப் போனபோது மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடை ஒன்றில் பேரம் பேசி ஒரு ரேசர் வாங்கி வந்தார். (அந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் போய்விட்டது.) ஜில்லெட் டெக் என்ற வகை, இங்கிலாந்தில் செய்தது. மேல் தகடு, அடித் தகடு, கைப்பிடி என்று மூன்றே துண்டு. முழுக்கத் தங்க முலாம். வீட்டில் அம்மாவின் தாலியைத் தவிர மஞ்சளாக மின்னிய ஒரே பொருள் அதுதானாம்.

நெசவாளி வீட்டில் ஆயுதபூஜை எப்படி நடக்கும் என்று ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறியைத் துடைத்து, நாடாவைக் கழுவி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். 1983 ஆயுதபூஜை. பையனுக்குப் பத்து வயது. அம்மா கொல்லையில் பித்தளைக் குத்துவிளக்கையும் சொம்பையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பையனுக்கு ஒரு யோசனை. அப்பாவின் ரேசரும் ஆயுதம்தானே? அதன் இடுக்குகளில் சோப்பு படிந்து மங்கலாக இருந்தது. எடுத்து வந்து புளியும் சாம்பலும் போட்டு அரை மணி நேரம் விடாமல் தேய்த்தான். கழுவிப் பார்த்தால் தங்கத்தைக் காணோம். வெறும் பித்தளை. அங்கங்கே மஞ்சள் திட்டு.

அப்பா வந்தார். கையில் வாங்கிப் பார்த்தார். வேட்டி நுனியால் துடைத்தார். நாடாவுக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் வைத்தார். அவ்வளவுதான். திட்டவில்லை, கேட்கவில்லை, பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 1999-ல் இறக்கும் வரை அதே ரேசரில்தான் வழித்தார். ஒரு அறை விட்டிருந்தால் அன்றோடு மறந்திருக்கும் என்று மகன் இன்றும் சொல்வார்.

அப்பா போன பிறகு மகன் தேட ஆரம்பித்தது அதே மாதிரி இன்னொரு ரேசரை. தங்கம் போகாத ஒன்று. காயலான் கடைகளில், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பரண் சுத்தம் செய்கிற வீடுகளில். தேடியது கிடைப்பதற்குள் தேடாதது நிறைய வந்து சேர்ந்தது. பழைய பாரத், டோபாஸ், 7 ஓ'கிளாக் பிளேடு உறைகள் தனியாக ஒரு டப்பா. ஒவ்வொரு ரேசரும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்தது.

காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இரும்பு கலந்தது. துரு உள்ளே இறங்கியிருக்கலாம். ஒட்டாமல் கனமாக இருந்தால் பித்தளையாக இருக்கலாம். ஆனால் துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. அந்த வகையில் முலாம் போய்க் குழி விழுந்துவிட்டால் அதோடு சரி. காப்பாற்ற முடியாது. மிகப் பழைய ஜில்லெட்டுகளில் பந்து போன்ற முனை உள்ள கைப்பிடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். 1951-க்குப் பிறகு வந்த அமெரிக்க ஜில்லெட் ரேசர்களின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து வருடம், எண் காலாண்டு. இசட் என்றால் 1954, ஏ என்றால் 1955. தறியில் அறுந்த இழையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை.

ஆச்சரியமான விஷயம், இந்த ரேசர்கள் இன்றும் வேலை செய்யும். இன்று பெட்டிக் கடையில் வாங்குகிற இரட்டை முனை பிளேடு நூறு வயது ஜில்லெட்டிலும் கச்சிதமாக உட்காரும். நம் சலூன்களில் இதே பிளேடைத்தான் பாதியாக உடைத்துக் கத்திப்பிடியில் மாட்டுகிறார்கள். 2010-ல் 15 ரூபாய்க்கு ஜில்லெட் கார்ட் என்ற பிளாஸ்டிக் ரேசர் வந்த பிறகும் இந்த பிளேடு கடையை விட்டுப் போகவில்லை.

"எல்லாம் வெள்ளைக்காரன் சாமானா இருக்கே, நம்ம ஆளு ஒண்ணும் செய்யலையா?" என்று யாரோ கேட்கப் போய், அவர் கோவை வரை போய் வந்தார். பதில் ஜி.டி. நாயுடு. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்து, பஸ் கம்பெனி நடத்தி, 1974-ல் மறைந்தவர். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த சவரக் கருவி ஒன்றை ரேசண்ட் என்ற பெயரில் உருவாக்கினார். மிக மெல்லிய சவர பிளேடும் அவர் கண்டுபிடிப்புகளில் ஒன்று. கல்லூரிப் பக்கமே போகாத ஒரு தமிழர் முகம் வழிக்கிற கருவியைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார்! ரேசண்ட் ஒன்று கிடைத்தால் மற்ற நாற்பதையும் தந்துவிடத் தயார் என்கிறார் நம்மவர். இதுவரை கிடைக்கவில்லை.

அவர் செய்கிற வைத்தியம் ரொம்ப எளிமையானது. துண்டு துண்டாகக் கழற்றுவார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். மெத்தென்ற பிரஷ்ஷால் திருகு மரையையும் இடுக்குகளையும் துடைப்பார். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒரு முக்கு. வினிகர், எலுமிச்சை, புளி, பாலிஷ் எதுவும் கிடையாது. முலாம் என்பது தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய பூச்சு. ஒரு முறை தேய்த்து எடுத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதை ஆரணியில் புரியவைப்பது சுலபம். ஜரிகை என்று சொன்னால் போதும். அசல் ஜரிகையில் உள்ளே பட்டு இழை, அதன் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்கப் பூச்சு. எடை போட்டால் தங்கம் நூற்றில் ஒரு பங்கு கூட வராது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஜரிகைக் கரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துவைக்கிற ஆள் ஆரணியில் உண்டா?

பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள், பார்த்திருப்பீர்கள். புடவையை எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள். யார் கல்யாணத்துக்கு எடுத்த புடவை என்பதற்கெல்லாம் எடையில் கணக்கு இல்லை. ரேசரும் அப்படித்தான். காயலான் கடையில் அது ஐம்பது, அறுபது கிராம் பித்தளை. அவர் முந்திக்கொண்டு வாங்கியதில் பாதி அந்தத் தராசுத் தட்டிலிருந்து எடுத்தவை.

சமீபத்தில் ஒரு வயதான அம்மா முந்தானையில் முடிந்து ஒரு ரேசரைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் வைத்திருந்தது. அவர் போய்ப் பதினொரு வருடம்.

"புதுசாட்டம் பண்ணிக் குடுப்பா, பேரன் காலேஜ் சேர்ந்திருக்கான்."

அவர் திருகிப் பார்த்தார். மேல் தகட்டுக்கு அடியில் காய்ந்த சோப்பும், அதில் ஒட்டிய நாலைந்து நரைமுடியும் அப்படியே இருந்தன. அந்த அம்மாவிடம் காட்டினார்.

"அம்மா, இது அவரோடது. கழுவினா போயிடும். பரவாயில்லையா?"

அந்த அம்மா வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கழுவிடுப்பா. அவன் வழிக்கணுமில்ல" என்றார்.

கழுவிக் கொடுத்தார். கைப்பிடியில் விரல் பட்டுப் பட்டு நிக்கல் தேய்ந்து பித்தளை தெரிந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். "அங்க புடிச்சுத்தான் உங்க தாத்தா வழிச்சாருன்னு பேரன்கிட்ட சொல்லுங்க."

சரி, அப்பாவின் ரேசர்? அதற்கும் ஒரு வழி இருந்தது. மறுபடியும் தங்க முலாம் பூசித் தருகிறேன் என்று சென்னையில் ஒரு பட்டறைக்காரர் சொன்னார். சில நூறு ரூபாய்தான் கேட்டார். காலை பஸ்ஸில் ரேசரை எடுத்துக்கொண்டு போனார். பட்டறைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "முதல்ல இந்தத் தேய்மானத்தை எல்லாம் பாலிஷ் போட்டு எடுக்கணும் சார், அப்பத்தான் முலாம் நிக்கும்" என்றாராம். திரும்பக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஆரணிக்கு வந்துவிட்டார். புளியில் பாதி போனது தன் வேலை. மீதித் திட்டுகளும் போய்ப் பித்தளை வழவழப்பானது, அதற்குப் பிறகு பதினாறு வருடம் தினமும் அப்பாவின் விரல் செய்த வேலை. இரண்டில் ஒன்றை மட்டும் அழிக்க வழியில்லை.

தங்கம் போகாத டெக் ஒன்று பிறகு கிடைத்தது. பெட்டியில் இருக்கிறது. ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைப்பது மட்டும் பழையதற்குத்தான். தறி இல்லாத வீட்டில் அது அப்பாவின் நாடாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒன்று கிடந்தாலும் கிடக்கும். தேடிப் பாருங்கள். உள்ளே பழைய பிளேடு இருந்தால் ஜாக்கிரதையாக எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, அவ்வளவு போதும்.

புளி மட்டும் வேண்டாம்.