நாலு உலாவியும் ஒரு பழைய கட்டுரையும்

ஆடி மாதம் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்கு உடப்புக்குப் போயிருந்தேன். அக்காவின் மகனிடம் 2 கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்துவிட்டு, “மாமா, இது திறந்து முடியிறதுக்குள்ள வலையே கரைக்கு வந்திடும்” என்றான். கரைவலை இழுத்து முடிக்க மணிக்கணக்காகும் என்பது அவ்வூரார்க்குத் தெரியும்.

சும்மா இருக்க மாட்டாதவனாய் நான்கு உலாவிகளை நிறுவி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒப்பிட்டேன். பெயர் சொல்லி எதையும் குறைகூறப் போவதில்லை. முதலில் முந்தியது ஐந்தாவது தாவலில் மூச்சுத் திணறியது. மந்தமாய்த் தொடங்கியது கடைசிவரை நின்றது. விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்றைச் சேர்த்ததும் நான்குமே விரைந்தன. அப்படியானால் பாதிக் குற்றம் எங்கள் தொழிலுடையது. செய்தி நாலு பத்தி. அதைச் சுற்றி விளம்பரமும் காணொளியும் வேவுநிரலும். இன்றைய சராசரிப் பக்கம் 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. அக்காலத்து 56 கிலோபிட் தொலைபேசி இணைப்பில், முழு வேகம் கிடைத்தாலும், அதை இறக்க ஏறக்குறைய 5 நிமிடம் வேண்டும்.

உலாவிகளும் இளைத்தபாடில்லை. மின்னஞ்சல், அரட்டை, பக்கம் எழுதும் கருவி எல்லாம் ஒன்றாய்ப் பொதிந்த மொசில்லாத் தொகுப்பு பாரமாகிவிட்டதென்றுதான் 2002 இல் உலாவியை மட்டும் பிரித்தெடுத்தார்கள். 2004 நவம்பர் 9 இல் அது பயர்பொக்ஸ் 1.0 ஆக வெளிவந்தது. 2008 செப்டெம்பரில் வந்த குரோம் தாவல்களைத் தனித்தனிச் செயல்களாக இயக்கியது. ஒன்று விழுந்தால் மற்றவை விழா. அதற்கு விலை நினைவகம். இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளரும் உலாவிக்குள் குடிவந்துவிட்டார். கேட்டு வந்தவரா என்று தெரியவில்லை.

புதிய பதிப்பெல்லாம் வீண் என்றும் சொல்லமாட்டேன். இருபுறமும் சீராக்கிய தமிழ்ப் பத்தி பயர்பொக்ஸ் 2 இல் கொம்பு வேறு, எழுத்து வேறாகச் சிதறியதைப் பழைய பதிவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்துதான் அது தீர்ந்தது.

அன்று மாலை அக்கா அலுமாரியிலிருந்து ஓர் இறுவட்டை எடுத்துத் தந்தார். காலஞ்சென்ற பெரியப்பாவிடம் கேட்டு, கரைவலை அம்பாப் பாடல்கள் பற்றி 2002 இல் நான் எழுதிய கட்டுரை அதில் இருந்தது. தோணி வலை வளைத்துத் திரும்பியதும் எந்த அம்பா, மடி கரையை நெருங்கும்போது எந்த அம்பா என்று அவர் சொன்னதெல்லாம் அதில்தான் உண்டு. அச்சுப் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது.

கண்ணிமைக்குமுன் திறந்தது. ஆனால் திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்! என் எழுத்தை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. அந்நாளில் பல தமிழ்த் தளங்களைப் போல அதுவும் இயங்கு எழுத்துருவை நம்பியிருந்தது. இன்ரநெற் எக்ஸ்புளோரர் மட்டுமே அதைப் புரிந்துகொண்டது. 2022 ஜூன் 15 இல் அந்த உலாவிக்கு மைக்ரோசொப்ட் விடைகொடுத்துவிட்டது. உலாவி போனதும் பெரியப்பாவின் குரலும் போயிற்றோ என்று ஒருகணம் நெஞ்சு பதைத்தது.

அரைப்புள்ளிகள்தான் காட்டிக்கொடுத்தன. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியைத்தான் தட்டுவோம். பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றி ஒன்றில் முழுவதையும் ஒட்டினேன். தமிழ் வந்தது. ஓரிரு சொற்கள் பிசகியிருந்தன. அக்கா சொல்லச் சொல்லத் திருத்தினேன்.

கோப்பின் எடை 11 கிலோபைட். மருமகன் அதைத் தன் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டு, வாடிப்பக்கம் இருக்கும் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டப் போய்விட்டான். மடிக்கணினியில் நான்கு உலாவிகளும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. மூன்றை நீக்கச் சொல்லவேண்டும்.