புல்லுக்கும் ஒரு காவல்

பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஜோர்தான் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காக விரிந்து கிடக்கும் 'பாதியா' அத்தகையதன்று. அது கல்லும் களிமண்ணும் கலந்த மேட்டு நிலம். அங்கே பெரும்பகுதியில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது. ஆயினும் நூற்றாண்டுகளாக அந்நிலம் ஆட்டு மந்தைகளுக்கும் ஒட்டகங்களுக்கும் உணவளித்து வந்தது. அரபி நூல்களில் நாம் படிக்கும் 'பதவீ' என்ற சொல்லும் 'பாதியா' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

அந்நிலத்தை 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அம்மான் நகரில் என் மகளும் மருமகனும் வாழ்ந்து வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பின் மருமகன் என்னைத் தெற்கே அழைத்துச் சென்றார். வழியில் ஒரு முதிய இடையர் எங்களுக்குத் தேநீர் அளித்தார். மதரஸாவில் நான் கற்ற அரபியைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் பேச்சு நின்றுவிடவில்லை.

"யா ஹாஜ், மழை எங்களைக் கைவிடவில்லை. வருகிற மழை எங்களிடம் தங்குவதில்லை" என்றார் அவர்.

அவர் சொன்னதன் பொருளை அங்கேயே கண்டேன். செடி கொடி அற்ற தரையில் மழைத்துளி விழும்போது மண்ணின் நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டு ஓடுபோல் இறுகிவிடுகின்றன. அடுத்த மழை உள்ளே இறங்க இயலாமல் சரிவில் ஓடி, தாழ்ந்த களர்ப்பரப்பில் தேங்கி, வெயிலில் ஆவியாகிவிடுகிறது.

இந்த நிலை எப்படி வந்தது? முன்னாளில் நீர் உள்ளவரையே மந்தை ஓரிடத்தில் தங்கும். நீர் வற்றியதும் நகர்ந்துவிடும். புல்லுக்கு ஓய்வு கிடைக்கும். தண்ணீர் லாரி வந்தபின் அந்த ஒழுங்கு குலைந்தது. விலைக்கு வாங்கிய பார்லியைத் தின்று, நிலம் தாங்கக்கூடியதைவிடப் பெரிய மந்தைகள் ஆண்டு முழுவதும் அங்கேயே நின்றன. விறகுக்காகப் புதர்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. 1990-91 வளைகுடாப் போரின்போது அண்டை நாடுகளிலிருந்து இடம்பெயர்ந்தோர் பல இலட்சம் கால்நடைகளுடன் வந்து சேர்ந்தனர். அதனால் விளைந்த சேதத்திற்காக ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணையம் 2005ஆம் ஆண்டில் ஜோர்தானுக்கு ஏறத்தாழ 16 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. பாதியாவைச் சீரமைக்கும் திட்டம் அத்தொகையைக் கொண்டே உருவாயிற்று.

சீரமைப்பு முறைகளுள் ஒன்று எளியது. இத்தாலிய வேளாண் அறிஞர் வல்லெரானி 1980களில் வகுத்த ஒருவகைக் கலப்பை டிராக்டரின் பின்னே ஏறி இறங்கிச் செல்கிறது. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில், ஏறக்குறைய 4 மீட்டர் நீளமும் அரை மீட்டர் ஆழமும் கொண்ட குழிகள் வரிசையாக உருவாகின்றன. இரு வரிசைகளுக்கிடையே உள்ள இறுகிய தரையைத் தொடுவதில்லை. எந்த ஓடு நீரைத் துரத்தியதோ, அதே ஓடு இப்போது நீரைக் குழிக்குள் சேர்த்துத் தருகிறது. வெயில் எட்டாத ஆழத்தில் ஈரம் தங்குகிறது. அங்கே 'கதஃப்' என்னும் உப்புச் செடியை நடுகிறார்கள். காற்றில் வரும் புல்விதைகளும் குழியில் சிக்கி முளைக்கின்றன.

ஆனால் நட்ட செடி வேரூன்றும் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், ஆடுகள் அங்கே நுழையக் கூடாது. குழி தோண்ட ஒரு நாள் போதும். விலகியிருக்க இரண்டு ஆண்டுகள் வேண்டும். அந்த முதியவரிடம் 40 ஆடுகள் இருந்தன. அடைக்கப்பட்ட சரிவைக் காட்டி, "ஆயிரம் ஆடு வைத்திருப்பவர் லாரியில் ஏற்றி வேறிடம் போய்விடுவார். நான் எங்கே போவேன்? திறக்கும் நாளில் முதலில் நுழைபவர் யார்?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. ஆனால் அக்கேள்வி பழையது என்பது நினைவுக்கு வந்தது. அறியாமைக் காலத்தில் அரபுத் தலைவர்கள் நாயைக் குரைக்கச் செய்து, குரல் எட்டும் தொலைவு வரை மேய்ச்சல் தமக்கே என்று அடைத்துக்கொள்வார்களாம். நபி (ஸல்) அவர்கள் அவ்வழக்கத்தை ஒழித்து, பொதுநலத்திற்காக மட்டுமே நிலத்தைக் காக்கலாம் என வரையறுத்தார்கள். மதீனாவுக்கு அருகில் அந்நகீஃ என்னுமிடம் முஸ்லிம்களின் குதிரைகளுக்கான 'ஹிமா'வாகக் காக்கப்பட்டது. பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹுனைய் என்பவரை ஒரு ஹிமாவுக்குப் பொறுப்பாளராக்கியபோது இட்ட கட்டளை புகாரியிலும் முவத்தாவிலும் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவரை உள்ளே விடச் சொன்னார்கள். இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். செல்வருக்குப் பேரீச்சந் தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழையின் ஆடு இறந்தால் அவர் பிள்ளைகளுடன் வந்து பொன்னும் வெள்ளியும் கேட்க நேரும். அவற்றைக் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்று காரணமும் கூறினார்கள்.

இந்த ஹிமா முறையைக் குலங்கள் தம்முள் நெடுங்காலம் பேணின. இருபதாம் நூற்றாண்டில் புல்வெளிகள் அரசின் நிலமானபோது அது தளர்ந்தது. சிரியாவில் 1958ஆம் ஆண்டில் குலங்களின் உரிமையே நீக்கப்பட்டது. எல்லாருக்கும் உரியது என்றானதும் எவரும் காவாததாயிற்று. அண்மை ஆண்டுகளில் ஜோர்தானின் ஸர்கா பகுதியில் பனூ ஹாஷிம் மக்கள் ஒரு ஹிமாவை மீண்டும் நிறுவிக் காத்து வருகிறார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன்.

குழியின் ஆழத்தைக் கணக்கிட அறிஞர்கள் இருக்கிறார்கள். அடைப்புக் காலத்தில் சிறு மந்தைக்காரருக்குத் தீவனம் யார் தருவார்கள், திறக்கும் நாளில் யாருக்கு முதலிடம் என்பனவும் அதே அளவு கவனத்துடன் எழுதி வைக்கப்பட வேண்டும். இல்லையேல், பசியோடு நிற்கும் 40 ஆடுகளை எந்த வேலியாலும் இரண்டு ஆண்டுகள் தடுத்து நிறுத்த முடியாது.