படியேறி வந்தவர்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதை எங்கள் வேலூர்ப் பக்கத்தில் யாரும் தனியாகச் சொல்வதுகூடக் கிடையாது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. இலங்கையில், கண்டியின் ஹந்தானை மலைச்சரிவில் உள்ள கணவர் வீட்டில் ஏழு மாத வயிற்றோடு ஊருக்குப் போகத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். 2020 மார்ச் 20 மாலை கொரோனாவால் ஊரடங்கு வந்தது. அடுத்த சில நாட்களில் இந்தியாவும் வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. சுக்கு, மிளகு, ஓமம் எல்லாம் வறுத்து இடித்து அம்மா செய்து வைத்திருந்த பிரசவ மருந்து காட்பாடி வீட்டு அலமாரியிலேயே இருந்துவிட்டது.

நான் போகவும் முடியாது, அம்மா வரவும் முடியாது என்று தெரிந்த அன்று முழுக்க அழுதேன். மறுநாள் கேட்டருகே சத்தம். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு எழுபத்திரண்டு படி. மூச்சு வாங்க ஏறி வந்து நின்றவர் எங்கள் பகுதி மிட்வைஃப். ‘மிஸ்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. என் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு, "பய வென்ன எப்பா, துவ" என்றார். பயப்படாதே மகளே. அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்கிற அளவுக்கு எனக்குச் சிங்களம் வந்திருந்தது.

மூன்றாம் மாதமே அவர் வீடு தேடி வந்து என்னைப் பதிந்துகொண்டார். நான் போய்ச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அறிந்திருக்கிறார். எங்கள் ஊரிலும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் உண்டு. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிற டவுன் வீடுகளுக்கு அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை. இங்கே ஏழை, பணக்காரர், சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லார் வீட்டுக்கும் அவர் வருவார். சுமார் மூவாயிரம் பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது கணக்கு. 1926இல் களுத்துறையில் ஆரம்பித்த சுகாதாரப் பிரிவு, தீவு முழுக்கப் பரவி இப்படி வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. 1930களில் இங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் தாய்மார் இறந்தார்கள். இப்போது முப்பதையொட்டி நிற்கிறது. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது.

கிளினிக்கில் காசு கேட்டதில்லை. சோளம், சோயா, பால்மா சேர்த்த திரிபோஷா பாக்கெட்டும் இலவசம். 1973லிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவருகிறார்கள். என் கணவரின் அம்மாவான அத்தை அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துத் தருவார்.

மே மாதம் ஒரு விடிகாலையில் வலி எடுத்தது. அரசாங்க ஆஸ்பத்திரி, நோய்த்தொற்றுக் காலம் என்பதால் கணவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். லேபர் ரூமில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. அதுவரை கற்ற சிங்களம் முழுக்க வலியில் மறந்துபோனது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி "அம்மே!" என்று கத்தினாள். நான் "அம்மா!" என்று கத்தினேன். கால்மாட்டில் நின்ற நர்ஸ் "முக்கன்ன! முக்கன்ன!" என்றார். முக்கு என்கிறார்! எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போன சொல் என்று மொழியறிஞர்கள் சொல்லட்டும். அன்றைக்கு அது என் பாட்டி சொன்ன சொல்லாகவே என் காதில் விழுந்தது. முக்கினேன். மகள் பிறந்தாள்.

வீட்டுக்கு வந்த இரவு அத்தை என் தலைமாட்டில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். மருத்துவச்சிக் கிழவி கையில்தான் பிரசவம். கொஞ்ச நாளில் அவருடைய அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக, பிள்ளை தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் கிடக்கும். பால் கொடுக்க மலையிலிருந்து ஓடி வருவாராம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராகப் பிறந்தவர் அத்தை. 2003 சட்டத்துக்குப் பிறகுதான் இலங்கைப் பிரஜையானார். "ஒன் புள்ளைக்கு அந்தக் கஷ்டம் இல்ல, கண்ணு" என்றார். ஆனால் மகளின் பிறப்புச் சான்றிதழ் வந்தபோது, தந்தையின் இனம் என்ற கட்டத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருந்தது. அந்த வீட்டில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான். ஐந்து தலைமுறையாக இந்த மலையை வெட்டித் தேயிலை நட்டு வாழ்ந்தவர்களை இன்னும் அந்தச் சொல்லால் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. மலையகத் தமிழர் என்று அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இருக்கிறதே.

மிஸ் மறுபடி வந்தார். தொப்புள், தையல், குழந்தையின் கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று எல்லாம் பார்த்தார். வீடியோ அழைப்பில் இருந்த அம்மா, சேனை வைக்கச் சீனித் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ் அதைப் புரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் குழந்தையின் மணிக்கட்டைக் காட்டி "வதகஹ இல்லையா?" என்று மிஸ்ஸே கேட்டபோது, அம்மா "அது நம்ம வசம்புதானே!" என்றார்.

ஊர் எது என்று மிஸ் அன்றுதான் கேட்டார். வேலூர் என்றதும் "எங்கள் கடைசி ராஜா இருந்த ஊர்" என்றார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் அவர் குடும்பத்துக் கல்லறைகளைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். சிறையிருப்பில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான் என்று அப்போது காதில் விழுந்தது. பிரசவித்தபின்தான் அந்த ராணியை நினைத்தேன். கண்டியிலிருந்து போன பெண்ணுக்குக் கோட்டைச் சுவருக்குள் யார் பக்கத்தில் இருந்திருப்பார்கள்? முக்கு என்று எந்த மொழியில் சொல்லியிருப்பார்கள்?

அம்மா வந்து சேர்ந்தபோது மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள். புதிதாக இடித்த பிரசவ மருந்தையும் கொண்டுவந்திருந்தார், இனித் தேவையில்லை என்று தெரிந்தும். படியேறி மேலே வந்து, முழங்காலைப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்தார். "எழுவத்திரண்டா? அந்தம்மா எத்தன வாட்டி ஏறி வந்தாங்க?"

பெண் குழந்தைகளுக்குத் தரும் ரோஸ் நிறச் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்தேன். மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, மிஸ்ஸின் கையெழுத்துகளை அம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.