மூன்று சொற்களில் பதில் சொல்... ஐந்தே நாளில் மாறிப்போன ஒரு வகுப்பறை!

வரலாற்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்கு ஆசிரியரிடம் பதில் இல்லை. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

1967 ஏப்ரல். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம், பாலோ ஆல்ட்டோ நகரில் இருந்த கப்பர்லி உயர்நிலைப் பள்ளி. ரான் ஜோன்ஸ் என்ற இளம் ஆசிரியர், ஹிட்லர் கால ஜெர்மனியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அத்தனை யூதர்கள் கொல்லப்பட்டபோது பக்கத்து வீட்டுக்காரர், ரயில்வே ஊழியர், டாக்டர், வாத்தியார் என எல்லோரும் 'எங்களுக்கு ஒன்றுமே தெரியாது' என்று எப்படிச் சொல்ல முடிந்தது? இதுதான் கேள்வி. பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. சொல்லிப் புரியவைப்பதைவிட, செய்து காட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார் ஜோன்ஸ்.

திங்கட்கிழமை அவர் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். முதுகை நிமிர்த்தி, பாதங்களைத் தரையில் பதித்து உட்காரச் சொன்னார். பெல் அடிக்கும்போது எல்லோரும் இருக்கையில் இருக்க வேண்டும். பதில் சொல்பவர் எழுந்து நின்று, 'மிஸ்டர் ஜோன்ஸ்' என்று ஆரம்பிக்க வேண்டும். பதில் மூன்று சொற்களுக்குள் முடிய வேண்டும்.

'அட, இது நம்ம ஊர் ஸ்கூலில் தினமும் நடப்பதுதானே!' என்று பலருக்குத் தோன்றும். உண்மைதான். நிமிர்ந்து உட்காருவதில் தப்பு ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது அந்த மூன்று சொல் விதியைத்தான். மூன்று சொற்களில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள முடியும். 'ஆனால்...' என்று ஆரம்பித்து மறுத்துப் பேச முடியாது.

வகுப்பு மோசமாகிவிட்டதா? இல்லை, சிறப்பாக நடந்தது! அதுதான் இந்தக் கதையில் பயமுறுத்தும் இடம். வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகள் எழுந்து பதில் சொன்னார்கள். எப்போதும் நாலு பேர் மட்டுமே பேசிக்கொண்டிருந்த வகுப்பில் எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஜோன்ஸே அசந்துபோனார். ஒரே நாளில் நிறுத்திவிட நினைத்திருந்தவர், மறுநாளும் தொடர்ந்தார்.

அடுத்து, கோஷம் வந்தது. கையைக் குவித்துத் தோள்வரை உயர்த்தும் ஒரு சல்யூட் வந்தது. 'மூன்றாவது அலை' என்று பெயரும் வந்தது. வரிசையாக வரும் அலைகளில் மூன்றாவதுதான் பெரியது என்று கடற்கரையில் சொல்வார்களாம். பள்ளி வராந்தாவிலும் நூலகத்திலும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சல்யூட் வைக்க ஆரம்பித்தார்கள். புதன்கிழமை வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்து உட்கார, 30 பேர் வகுப்பு 43 ஆனது.

அன்று எல்லோருக்கும் உறுப்பினர் அட்டை கொடுத்தார் ஜோன்ஸ். மூன்று அட்டைகளில் மட்டும் சிவப்பு 'எக்ஸ்' குறி. அது கிடைத்தவர்கள், விதியை மீறுபவர்களைப் பற்றி அவரிடம் வந்து சொல்ல வேண்டும். ஆனால், கோள் சொல்ல வந்தது சுமார் 20 பேர்! யாரும் கேட்காமலேயே, நண்பர்களைப் பற்றி. யார் சல்யூட் வைக்கவில்லை, யார் கிண்டலடித்தார்கள் என்று.

பல ஆண்டுகள் கழித்து ஜோன்ஸ் எழுதிய கட்டுரையில் இவையெல்லாம் இருக்கின்றன. அதில் மறக்க முடியாதவன் ஒரு மாணவன். படிப்பில் சுமார், உருவத்தில் பெரியவன், நண்பர்கள் கிடையாது. அந்த வாரம்தான் அவனுக்கென்று ஓர் இடம் கிடைத்தது. ஜோன்ஸுக்குத் தானே மெய்க்காவலன் என்று சொல்லிக்கொண்டு, ஆசிரியர்கள் அறைவரை கூடவே வந்தான்.

இன்னொரு பக்கம், மூன்று மாணவிகள். வகுப்பிலேயே புத்திசாலிகள், யோசித்து விரிவாகப் பதில் சொல்லிப் பழகியவர்கள். புதிய வகுப்பில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. வீட்டில் போய்ச் சொன்னதும் அவர்கள்தான். வியாழக்கிழமை, எல்லோர் முன்னிலையிலும் அவர்களை நூலகத்துக்கு அனுப்பினார் ஜோன்ஸ். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தேடிய பதில் அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

அதற்குள் ஜோன்ஸும் மாறிப்போயிருந்தார். நடிக்க வேண்டிய அவசியமே இல்லாத நேரத்திலும் தலைவராகவே நடந்துகொள்வதை அவரே உணர்ந்தார். நிறுத்தியாக வேண்டும். இது நாடு முழுவதும் நடக்கும் இயக்கம், வெள்ளிக்கிழமை மதியம் அதன் தலைவர் டிவியில் தோன்றுவார் என்று அறிவித்தார். 200 பேருக்கு மேல் அரங்கில் கூடினார்கள். விளக்குகள் அணைந்தன. டிவி ஓடியது. திரையில் ஒன்றும் இல்லை. நிமிடங்கள் கழிந்தன. கடைசியில் ஒரு குரல், தலைவர் என்று யாருமே இல்லையா என்று கேட்டது.

இல்லை என்றார் ஜோன்ஸ். நாஜிக் கூட்டங்களையும் வதைமுகாம்களையும் காட்டும் படம் திரையில் ஓடியது. ஜெர்மானியர்களைப் போலவே நீங்களும் இங்கே வந்ததை ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்றார். மெய்க்காவலனாக இருந்த மாணவன் தேம்பி அழுதான்.

15, 16 வயதுப் பிள்ளைகளை, சொல்லாமல் கொள்ளாமல் இப்படி ஒரு சோதனைக்குள் இழுத்தது சரியா? சரியில்லைதான். நூலகத்துக்குப் போன மூவருக்கும், அழுத அந்தப் பையனுக்கும் யாரும் முன்கூட்டி எதையும் சொல்லவில்லை. இந்தச் சம்பவத்தை வைத்து எழுதப்பட்ட 'தி வேவ்' நாவலை இப்போது ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2008-ல் 'டி வெல்லே' என்ற ஜெர்மன் படமும் வந்தது. யாரையும் அழவைக்காமல் அதே பாடத்தை நடத்த அவை போதும்.

அந்தப் பள்ளியில் ஜோன்ஸ் இருந்தவரை, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனதாக ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லையாம். பல ஆண்டுகள் கழித்து, தெருவில் ஓர் இளைஞர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். யாரென்று ஜோன்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த இளைஞர் சற்றுப் பின்னால் நகர்ந்து, சிரித்தபடியே கையைக் குவித்து மெதுவாக உயர்த்தினார். ஜோன்ஸுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அவரை அறியாமலேயே அவர் கையும் குவிந்து, தோள்வரை உயர்ந்தது.