தொட்டிலும் காவல் நாய்களும்



கொடுங்கையூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் காயலான் கடை; மேல்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். பழைய இரும்பும் செம்பும் குவிந்து கிடக்கும் கடைக்குப் பூட்டு மட்டும் போதாது என்பதால், அத்தா பல ஆண்டுகளாக மணி, டைகர் என்னும் இரண்டு நாய்களைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். அவை கடைவாசலில் படுத்திருக்கும். மழை நாட்களில் மட்டும் படிக்கட்டேறி எங்கள் நிலைப்படி வரை வந்துவிடும். எங்கள் மூத்த மகள் அவற்றைப் பார்த்தே வளர்ந்தாள்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அல்லாஹ் எங்களுக்கு ஓர் ஆண் குழந்தையை அருளினான். இரண்டாம் பிரசவம் என்பதால் தாய்வீட்டுக்குச் செல்லாமல், மருத்துவமனையிலிருந்து நேராக இங்கேயே வந்துவிட்டோம். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டினோம். ஒன்பதாம் நாள்தான் சோதனை தொடங்கியது. மாடிக் கொடியிலிருந்து காற்றில் விழுந்த குழந்தையின் துணிகளைப் படிக்கட்டில் இழுத்துப் போட்டு, அவற்றின்மீது படுத்து நக்கிக்கொண்டிருந்தது டைகர். பால் வாடை அதை ஈர்த்திருக்க வேண்டும்.

வீட்டில் அன்று எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸைக் குழந்தை பார்க்க வந்தவர்கள் எல்லாம் நினைவூட்டினார்கள். நாய்கள் இரவில் குரைத்தால் குழந்தை விழிக்கும். குழந்தை அழுதால் நாய்கள் ஊளையிடும். நாங்கள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கிப் பல நாட்கள் ஆகியிருந்தன. வெறிநாய்க்கடி பற்றிய செய்தி எதைப் படித்தாலும் தொட்டிலைத்தான் திரும்பிப் பார்த்தோம்.

ஒருநாள் இஷாவுக்குப் பின், அத்தா உறங்கிய நேரத்தில், நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டு நாய்களையும் கடையின் குட்டியானை வண்டியில் ஏற்றிக் குப்பைக்கிடங்கின் மறுபுறம் கொண்டுபோய் விட்டோம். வடசென்னையின் குப்பை பல்லாண்டுகளாக வந்து சேர்ந்த இடம் அது. ஏறத்தாழ 250 ஏக்கரில் தேங்கிய பழைய குப்பையை இப்போது தோண்டிப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே தின்ன ஏதாவது கிடைக்கும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். வண்டி திரும்பியபோது மணி சிறிது தூரம் பின்னால் ஓடிவந்தது.

சுப்ஹு தொழுதுவிட்டு வந்த அத்தா, வெறும் வாசலைப் பார்த்து நின்றார்கள். நடந்ததைச் சொன்னோம். அவர்கள் எங்களைத் திட்டவில்லை. "காவலுக்கு வைத்த ஜீவனை இப்படியா அனுப்புவது?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தேடப் போனார்கள். மகள் நாள் முழுவதும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மணியைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். காது கிழிந்து, பின்னங்காலில் பல் பதிந்த காயங்கள். புது இடத்தில் விடப்பட்ட நாயை அங்கிருக்கும் கூட்டம் விட்டுவைக்காது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். கருத்தடை செய்த தெருநாயைக்கூடப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. டைகர் கிடைக்கவேயில்லை.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மணியின் காயங்களைக் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிகளைத் தவணை முறையில் போட்டார்கள். நெடுநாள் தனியே கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். எந்த நோய்க்கு அஞ்சி நாய்களை விரட்டினோமோ, அந்த நோயின் அச்சத்தை நாங்களே வீட்டு வாசலுக்கு அழைத்து வந்திருந்தோம். ஆண்டுதோறும் முறையாகத் தடுப்பூசி போட்டிருந்தால், பாதி பயம் முதலிலேயே நீங்கியிருக்கும்.

மன அமைதியின்றிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். காவலுக்கு வைப்பதையும் இந்த அனுமதியோடு ஒப்பிட்டு ஏற்ற அறிஞர்கள் உண்டு. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை, முதன்முறை மண்ணிட்டுக் கழுவுமாறு கட்டளை வந்துள்ளது. ஷாஃபி மத்ஹபில் நாய் முழுவதும் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் எச்சில் நஜீஸ். தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்ததால் பாவம் மன்னிக்கப்பட்ட பெண்ணைப் பற்றியும் அதே நபியவர்கள்தாம் கூறினார்கள். குகைவாசிகளின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததைச் சூரா அல்கஹ்ஃப் கூறுகிறது.

"அசுத்தத்தைக் கழுவச் சொன்ன மார்க்கம், அந்த உயிரைக் குப்பையில் எறியச் சொல்லவில்லை. நாயின் இடம் வாசல். அதை வாசலில் நிறுத்துவது உங்கள் பொறுப்பு" என்றார் ஹஜ்ரத். நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

அதன்பின் செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். படிக்கட்டின் அடியில் இரும்புக் கதவு போட்டோம். கடையிலேயே இரும்பு இருந்தும் இத்தனை ஆண்டுகள் எங்களுக்கு அது தோன்றவில்லை. மழைக்கு ஒதுங்க மணிக்குக் கடையின் பின்புறம் கொட்டகை அமைத்தோம். குழந்தையின் துணிகளை வீட்டுக்குள்ளேயே உலர்த்தினோம். நாய்க்கென்று தனித் தட்டு. அதைக் கையாண்டவர் கைகால் கழுவி, உடை மாற்றிய பின்பே குழந்தையைத் தூக்குவார். குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் தேதி குறித்துச் சுவரில் தொங்குகின்றன. நாய் எவ்வளவு சாதுவானாலும் குழந்தையை அதன் அருகில் ஒரு கணமும் தனியே விடுவதில்லை. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதை நெருங்கக் கூடாது என்று மகளுக்குக் கற்றுக்கொடுத்தோம்.

ஒன்றை எல்லாப் பெற்றோரும் நினைவில் வைக்க வேண்டும். எந்த நாயாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் காத்திருக்காதீர்கள். நோய்க்குறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து மீள்வது அநேகமாக இல்லை. உரிய நேரத்தில் போடும் தடுப்பூசி காப்பாற்றும்.

மகன் இப்போது தவழ்கிறான். அவன் அழும்போது மணி கீழிருந்து ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்கிறது. குப்பைக்கிடங்கு வழியாகச் செல்லும்போதெல்லாம் செவலை நிறத்தில் எந்த நாயைக் கண்டாலும் அத்தா வண்டியை நிறுத்தச் சொல்கிறார்கள். நாங்களும் இறங்கிப் பார்க்கிறோம். டைகர் என்று கூப்பிட்டுப் பார்க்கிறாள் மகள். இதுவரை எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாயில்லா ஜீவன் ஒன்றுக்கு நாங்கள் இழைத்த அநீதியை அல்லாஹ் மன்னிப்பானாக! நம் குழந்தைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் பாதுகாத்து, இரக்கமுள்ளவர்களாக அவர்களை வளர்க்கும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக! ஆமீன்.